பாடியிலிருந்து அரிக்கமேடு வரை: ஒயினுக்கு ஓர் அறை

பாடி மேம்பாலத்தின் வளைவுகளில் இறங்கும் பேருந்துகள் நான்கு திசைக்கும் பிரிகின்றன. கிழக்கே வில்லிவாக்கம், மேற்கே அம்பத்தூர், வடக்கே கொளத்தூர், தெற்கே திருமங்கலம், கோயம்பேடு. சந்திப்பை ஒட்டி லூகாஸ் டி.வி.எஸ். ஆலை. அதே பகுதியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. 1960-களில் வேரூன்றிய இந்த நிறுவனங்கள்தான் பாடியை வண்டி உதிரிபாகங்களின் ஊராக மாற்றின. அவற்றுக்கு நடுவில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவலிதாயம் கோயில் இன்றும் காலை பூசைக்கு மணி அடிக்கிறது. வியாழக்கிழமைகளில் குரு வழிபாட்டுக்கு வரும் கூட்டமும், ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளர் கூட்டமும் ஒரே சாலையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஒயினைப் பற்றி எழுதப் பயணம் தொடங்குவது வியப்பாக இருக்கலாம். குடிப்பதைப் பற்றியதல்ல இந்தப் பயணம். நட்சத்திர ஓட்டல்களின் சாப்பாட்டுக் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பாட்டில்கள் வரிசையாக ஒளிரும் ஒயின் சுவரைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது அலங்காரம்போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு குளிர் அறை. அதற்கு எஃகு வேண்டும், கண்ணாடி வேண்டும், குளிர்பதனம் வேண்டும். இந்த மூன்று தொழில்களும் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே வழித்தடத்தில் பார்த்துவிட்டு, தமிழ்நிலத்துக்குப் பழங்காலத்தில் ஒயின் வந்து இறங்கிய துறைமுகம் ஒன்றில் முடிகிறது இந்தப் பாதை.

முதலில் எஃகு. பாடியிலிருந்து எம்.டி.எச். சாலையில் மேற்கே சென்றால் சில நிமிடங்களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் தொடங்கப்பட்டு, ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் இந்தப் பேட்டையின் முன்பகுதிகளில் இப்போது மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆனால் உள் தெருக்களில் லேத்தின் சத்தம் நிற்கவில்லை. ஷீட் மெட்டல் வளைப்பவர்கள், லேசர் கட்டிங் செய்பவர்கள், டிக் வெல்டிங் வைப்பவர்கள், பவுடர் கோட்டிங் அடுப்பு வைத்திருப்பவர்கள் எனப் பக்கத்துப் பக்கத்து ஷெட்களிலேயே ஒரு பொருள் தகடாக நுழைந்து முழு உருவம் பெற்று வெளியேற முடியும். உள்ளே நுழைபவரிடம் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சார், டிராயிங் இருக்கா?”

ஒயின் சுவருக்கான டிராயிங் ஒரு பாட்டிலின் அளவிலிருந்து தொடங்குகிறது. வழக்கமான பாட்டில் 750 மில்லி. பிரான்சின் போர்தோ வகைப் பாட்டில் நேரான தோள் கொண்டது. விட்டம் ஏழரை சென்டிமீட்டர், உயரம் முப்பது. பர்கண்டி வகை சற்றுப் பருமன். ஷாம்பெயின் பாட்டில் அதைவிடப் பருமன், கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். உள்ளே ஆறு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருப்பதால் அதன் கண்ணாடியும் தடிமன், எடையும் அதிகம். ஒன்றரை லிட்டர் மேக்னம் எந்தச் சாதாரண அடுக்கிலும் நுழையாது. எல்லாப் பாட்டிலும் ஒரே அளவு என்று நினைத்து அடிக்கப்பட்ட ரேக்கில், திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஷாம்பெயின் மட்டும் வெளியே நிற்கும். ஓட்டலின் ஒயின் பட்டியல் முடிவாகும் முன் ரேக் அளவு முடிவாகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

இன்று பெரும்பாலான உணவகங்கள் விரும்புவது லேபிள் முன்னால் தெரியும் அமைப்பு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெக் எனப்படும் உலோகக் கம்பிகள் இரண்டு. ஒன்று பாட்டிலின் கழுத்தைத் தாங்கும், மற்றொன்று அடிப்பகுதியை. பாட்டில் காற்றில் படுத்திருப்பதுபோலத் தெரியும். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரில் எட்டு நெடுவரிசை, பதினெட்டுக் கிடைவரிசை என்று வைத்தால் 144 இடங்கள். ஒரு இடத்துக்கு ஒன்றன்முன் ஒன்றாக மூன்று பாட்டில் வைக்கும் நீளமுள்ள பெக் என்றால் 432 பாட்டில்கள், 288 பெக்குகள். நிரம்பிய பாட்டில் ஒன்று சராசரியாக 1.3 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆக, கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும் அந்தச் சுவரில் தொங்குவது கிட்டத்தட்ட 600 கிலோ.

ஜிப்சம் பலகைச் சுவர் இதைத் தாங்காது. பின்னால் எஃகுச் சட்டம் வேண்டும். அதில் ஒவ்வொரு பெக்கும் மரை போட்டு இறுக்கப்பட வேண்டும். கழுத்துப் பெக்கும் அடிப் பெக்கும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் லேபிள் கோணலாகத் திரும்பும். சரிவு முன்பக்கம் இருந்தால் முதல் பாட்டில் மெல்ல நழுவும். மரையும் மட்டமும் பாடிக்குப் புதிதல்ல. போல்ட்டும் நட்டும் செய்து உலகின் கார் நிறுவனங்களுக்கு அனுப்பும் ஆலை நிற்கிற ஊர் இது. அந்த ஆலைகளில் பழகி வெளியே வந்து சொந்தமாக லேத் போட்ட கைகளுக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது அன்றாடப் பேச்சு. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் பெக்குகளுக்கு ஓட்டல்கள் கொடுக்கும் விலையை நினைத்தால், இந்தத் திறமை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பயன்படாமல் கிடப்பது வருத்தம் தருகிறது.

எஃகின் தரத்தையும் இடம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணாநகரிலோ கிண்டியிலோ 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்புக்காற்று அடிக்கும் இடத்தில், 316 தரம்தான் நீடிக்கும். மரம் சேர்ப்பதானால் தேக்கு நல்லது. ஆனால் வார்னிஷ் நாற்றம் முழுக்கப் போகும்வரை அறையை மூடக் கூடாது. மூடிய குளிர் அறைக்குள் வாசனைக்குப் போக்கிடம் கிடையாது, கார்க்கோ மூச்சு விடும் பொருள்.

அம்பத்தூரிலேயே இரண்டாவது தொழிலான குளிர்பதனமும் இருக்கிறது. ஆவினின் பால் பண்ணை இங்கே பல ஆண்டுகளாக இயங்குகிறது. தினமும் விடிவதற்குள் நகரம் முழுக்கப் போக வேண்டிய பாலை நான்கு டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருப்பது எப்படி என்பது இந்த வட்டாரத்துக் குளிர்பதன மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலை. பஃப் பேனல் எனப்படும் தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பிய பலகைகள், கதவு கேஸ்கட், கம்ப்ரஸர், எவாப்பரேட்டர் என்று ஒரு கோல்டு ரூமின் எல்லா உறுப்புகளையும் இவர்கள் அறிவார்கள். ஒயின் அறையும் கோல்டு ரூம்தான். வேறுபாடு இரண்டு. பாலுக்கு வேண்டியதைவிட ஒயினுக்கு வெப்பம் கூடுதலாக, 12 முதல் 14 டிகிரி செல்சியஸ்வரை இருக்க வேண்டும். ஆனால் அது ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரண்டாவது, பால் அறையை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஒயின் அறையை எல்லோரும் பார்க்க வேண்டும்.

சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது வேறுபாட்டில் இருக்கிறது. ஒயின் கேட்பது இருட்டு, குளிர், அசைவின்மை. உணவகம் கேட்பது வெளிச்சம், கண்ணாடி, ஆட்கள் நடமாட்டம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் சமரசம் செய்து வைப்பதுதான் வடிவமைப்பவரின் உண்மையான வேலை.

சாதாரண ஸ்பிளிட் ஏசியை மாட்டிவிட்டால் போதாதா என்று பல முதலாளிகள் கேட்பதுண்டு. போதாது. வீட்டு ஏசி 16 டிகிரிக்குக் கீழே போகாது. அதைவிட முக்கியம், அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும். கார்க் அடைப்பு உலராமல் இருக்க, அறையின் ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு இருப்பது நல்லது. 50-க்குக் கீழே நீண்ட நாள் நின்றால் கார்க் சுருங்கிக் காற்று உள்ளே போகும். 80-ஐத் தாண்டினால் லேபிளில் பூஞ்சை படரும். அதனால்தான் ஒயின் அறைக்கான எவாப்பரேட்டர் சுருள் பெரியதாகவும், அதிகம் குளிராமலும் இருக்கும்படி வடிவமைக்கப்படுகிறது: சுருளுக்கும் அறைக்காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால் உறிஞ்சப்படும் ஈரமும் குறையும். கம்ப்ரஸரை ரேக் நிற்கும் சட்டத்தில் மாட்டாமல் தனியாக, ரப்பர் மவுண்ட் வைத்து, முடிந்தால் கூரைமேல் வைத்துவிட வேண்டும். அதிர்வு பழைய சிவப்பு ஒயினின் அடிமண்டியைக் கலக்கிவிடும்.

மின்வெட்டைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டியதில்லை. ஆயிரம் பாட்டில் உள்ள அறையில் 750 லிட்டர் திரவம் குளிர்ந்து நிற்கிறது. கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரத்துக்கு அந்தத் திரவமே தன் குளிரைக் காத்துக்கொள்ளும்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். இங்கே 2000-ஆம் ஆண்டு முதல் சான்-கோபான் கண்ணாடி ஆலை இயங்குகிறது. இந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின் வரலாறு 1665-ல் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் தொடங்குகிறது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்கு ஆடிகள் செய்து கொடுத்தது அதுதான். ஒயின் அறைக்கும் இந்த ஆலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர், சென்னையின் காற்றைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சென்னையில் ஒரு மழைக்கால இரவு. காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளி படியும். சோடாக் கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலத்தான். உணவகம் நடக்கும்போது கூடத்தில் ஏசி ஓடுகிறது. 24 டிகிரி, 55 விழுக்காடு ஈரப்பதம். நீர் படியும் வெப்பநிலை 14-ஐ ஒட்டி இறங்கிவிடுவதால் ஒயின் அறையின் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். விருந்தினர் போய், நள்ளிரவில் ஏசியை அணைத்துவிட்டு ஊழியர்கள் கிளம்பிய பிறகுதான் கண்ணாடி வியர்க்கத் தொடங்கும். காலையில் துப்புரவுக்கு வருபவர் தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார். மரத்தரை உப்பும், ஸ்கர்ட்டிங் கறுக்கும், கீழேயுள்ள ஒயரிங்கில் ஈரம் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். உள்ளே 13, வெளியே 30 என்றால், ஒற்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும், வியர்வை நிச்சயம். நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி என்றால் 25-ஐ ஒட்டி நிற்கும். சில இரவு தப்பும், சில இரவு தப்பாது. இடைவெளியில் ஆர்கான் வாயு நிரப்பி, உட்பரப்பில் லோ-ஈ எனப்படும் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி என்றால்தான் 27-க்கு மேல் நின்று உலர்ந்திருக்கும். பூச்சுக் கண்ணாடியைச் செய்யும் ஆலை பூந்தமல்லியிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் கண்ணாடிதான். கைப்பிடிக்குப் பித்தளை முலாம் பூசப் பணம் இருக்கும், கண்ணாடிக்கு இருக்காது. இது தவறான சிக்கனம்.

கண்ணாடி குறித்து இன்னொன்று. பாதுகாப்புக்காக டஃப்பன் செய்த கண்ணாடியை அதன்பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. முயன்றால் முழுக்கத் தூளாகிவிடும். கீல் துளை, பூட்டுத் துளை எல்லாம் முன்பே போட வேண்டும். எனவே எஃகுச் சட்டம் நின்ற பிறகு, நின்ற சட்டத்தில் அளவெடுத்துத்தான் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். காகித வரைபடத்தின் அளவை நம்பி முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பது ஆபத்து. மீதி மூன்று பக்கமும் பஃப் பேனல் வைத்தால் போதும். 60 மில்லிமீட்டர் பேனலோடு ஒப்பிட்டால் ஒற்றைக் கண்ணாடி பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தை உள்ளே விடுகிறது. ஆகவே நான்கு பக்கமும் கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்படுபவர் மின்கட்டணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஈரம் ஊடுருவாத தாள் பேனலின் வெப்பமான பக்கத்தில், அதாவது வெளிப்பக்கத்தில், இருக்க வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் ஈரம் சுவருக்குள்ளேயே சிக்கி அழுகும்.

இந்த இடத்தில் உலகின் புகழ்பெற்ற ஒயின் அறை ஒன்றை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். 1999-ல் லாஸ் வேகாஸ் நகரில், மாண்டலே பே ஓட்டலின் ஓரியோல் உணவகத்தில், 42 அடி உயரக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர் ஆடம் டிஹானி. பாட்டில் எடுக்க ஏணி கிடையாது. இடுப்பில் வடம் கட்டிய பெண்கள் மேலே பறந்துபோய் எடுத்து வருவார்கள். ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்தில் கயிற்றில் இறங்கும் காட்சிதான் அந்த யோசனைக்கு விதை. அதன் படங்கள் உலகம் முழுக்கப் பரவி, ஒயினைக் காட்சிப்பொருளாக்கும் வழக்கத்துக்கே புதிய வேகம் கொடுத்தன. ஆனால் லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். அங்கே காற்றில் ஈரமே குறைவு. கண்ணாடி வியர்ப்பது பெரிய கவலையில்லை, கார்க் உலர்வதுதான் கவலை. அந்தப் படத்தை எடுத்து வந்து, “இதே மாதிரி வேண்டும்” என்று சென்னையில் நீட்டுபவர், பாலைவனத்துக்கான விடையைக் கடற்கரைக்குப் பொருத்தப் பார்க்கிறார்.

பாரிஸ் நகரின் முறையும் இங்கே செல்லாது. சேன் நதிக்கரையில் உள்ள லா தூர் தார்ஜான் உணவகத்தின் நிலவறையில் லட்சக்கணக்கான பாட்டில்கள் உண்டு. 1940-ல் ஜெர்மானியப் படை நகருக்குள் வருவதற்குமுன் உரிமையாளர் குடும்பம் அதன் ஒரு பகுதியைச் சுவர் எழுப்பி மறைத்துக் காத்த கதை புகழ்பெற்றது. அந்த நிலவறைக்கு இயற்கையே குளிர் தந்தது. பூமிக்குள் சில மீட்டர் ஆழத்தில் நிலவும் வெப்பம், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். பாரிஸில் அது 12, 13 டிகிரி. சென்னையில் 28, 29. எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் இங்கே குளிர் கிடைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்தின் அடித்தளங்கள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்கள், விலை உயர்ந்த சரக்கை நிலத்துக்குக் கீழே வைக்க யோசிக்கத்தான் செய்வார்கள்.

பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகக் கத்திப்பாராவுக்குத் திரும்பும் சாலை, கிண்டியில் 2012-ல் திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலின் பக்கம் கொண்டுவந்து விடுகிறது. சென்னையில் ஒயின் அறை என்ற பேச்சு ஏன் பெரும்பாலும் இத்தகைய ஓட்டல்களோடு நின்றுவிடுகிறது? பதில் சட்டத்தில் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுக்க விரிந்தது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவப்பட்டு மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதனிடம் போனது. உணவோடு மது பரிமாற எஃப்.எல்.3 உரிமம் வேண்டும், அது தங்கும் அறைகள் உள்ள ஓட்டல்களுக்கானது. மும்பையிலும் பெங்களூருவிலும் தெருமுனையில் ஒரு சிறிய உணவகம்கூட ஒயின் பட்டியல் வைத்திருக்கலாம். இங்கே முடியாது.

இந்தச் சட்டம் வடிவமைப்பையும் தொடுகிறது. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் பதிவேட்டோடு இருப்பு ஒத்துப்போக வேண்டும். எனவே அறைக்கு நல்ல பூட்டு வேண்டும். பாட்டில்களைக் கலைக்காமல் எண்ணும்படி அடுக்கு இருக்க வேண்டும். பின்வரிசையை எண்ண முன்வரிசையை இறக்க வேண்டிய அமைப்பு, ஒவ்வொரு இருப்புக் கணக்கிலும் ஊழியரின் உழைப்பைத் தின்னும். மூன்று பாட்டில் ஆழ பெக் வைப்பவர்கள் ஒரே ஒயினை ஒரே இடத்தில் மூன்றாக வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

என்ன ஒயின் வைக்கப் போகிறோம் என்பதும் அறையின் உருவத்தைத் தீர்மானிக்கும். நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டம், 1999-ல் நாசிக்கில் ராஜீவ் சமந்த் தொடங்கிய சூலா, அக்லூஜின் ஃப்ராடெல்லி ஆகியவை இந்தியப் பட்டியலின் அடித்தளம். சூலா தன் ஒயின்கள் பலவற்றைத் திருகு மூடியில் விற்கிறது. திருகு மூடிப் பாட்டிலைப் படுக்கவைக்கத் தேவையில்லை; நிமிர்த்தியே வைக்கலாம். சென்னை ஓட்டலில் விற்கும் பெரும்பாலான ஒயின் வாங்கிய சில ஆண்டுகளுக்குள் மேசைக்குப் போய்விடும். அதற்கு இருபது ஆண்டு காக்கும் நிலவறையின் ஏற்பாடுகள் தேவையில்லை. இருநூறு பாட்டிலுக்குள் அடங்கும் பட்டியல் என்றால், இரண்டு வெப்பநிலை கொண்ட நல்ல கேபினெட் இரண்டே போதும். வெள்ளைக்கும் ஷாம்பெயினுக்கும் 8 முதல் 10 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18. பரிமாறும் வெப்பத்திலேயே பாட்டில் கைக்கு வரும். தேவையில்லாத இடத்தில் அறை கட்டாமல் இருப்பதும் நல்ல வடிவமைப்புதான்.

வெளிச்சத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் ஒயினில் கந்தக நாற்றத்தை உண்டாக்கும்; நிறமற்ற பாட்டிலில் இருப்பது முதலில் கெடும். 1876-ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக லூயி ரோடரர் உருவாக்கிய கிறிஸ்டல் ஷாம்பெயின் தெளிந்த கண்ணாடியில் வருவதால்தான் இன்றும் மஞ்சள் நிறத் தாளைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. விளக்கு பாதுகாப்பானது. அதன் டிரைவர் பெட்டி மட்டும் குளிர் அறைக்கு வெளியே இருக்கட்டும், அது வெப்பத்தை உமிழும்.

கிண்டியிலிருந்து எழும்பூர் போகும் வழியில் ஓர் அலமாரியின் கதை காத்திருக்கிறது. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தபோது, மண்ஜாடி ஒன்றின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் கையில் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் நிரப்பி அனுப்பப்படும் ஆம்போரா என்னும் ஜாடி அது என்று அவருக்கு உடனே தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், புதுச்சேரிக்குப் பக்கத்திலிருந்து. அடுத்த ஆண்டே அரிக்கமேட்டில் அவருடைய அகழாய்வு தொடங்கியது.

அங்கேதான் இந்தப் பயணமும் போகிறது. புதுச்சேரி நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆற்றங்கரை, மாமரங்களும் தென்னைகளும். மேலே தெரியும் செங்கல் இடிபாடு பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கிறித்தவ மடத்தினுடையது. ரோமானியத் தொடர்பின் சான்றுகள் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டு புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. வீலருக்குப் பிறகு காசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகிய தொல்லியலாளர்களும் இங்கே தோண்டினார்கள். கிடைத்த ஆம்போராக்களில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை குறிப்பிடத்தக்கது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் பாண்டியன் நன்மாறனுக்குப் பாடியதும் இந்த வணிகத்தின் இலக்கியச் சான்று.

ஆம்போராவின் கீழ்முனை கூர்மையாக இருக்கும். நிமிர்ந்து நிற்காத ஜாடியை ஏன் செய்தார்கள்? கப்பலின் அடிவயிற்றில் ஒன்றன் தோள்களுக்கிடையே மற்றொன்றின் முனை பொருந்தி அடுக்க. கரையில் மணலில் குத்தி வைக்க. ஊற்றும்போது மூன்றாவது கைப்பிடியாகப் பிடிக்க. உட்புறம் மண்ணின் நுண்துளைகளை அடைக்க மரப்பிசின் பூசினார்கள். செங்கடலையும் அரபிக்கடலையும் தாண்டிப் பருவக்காற்றோடு வரும் கப்பலில் குளிர் ஏது? கோஸ் தீவினர் தங்கள் ஒயினில் கடல்நீரைச் சேர்த்தார்கள். உப்பும் பிசினும் அதைக் கெடாமல் காத்தன. அவர்கள் ஒயினை வெப்பத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இன்றைய ஓட்டல் அறையை ஒயினுக்கு ஏற்றபடி மாற்றுகிறது. சேமிப்பு முறை மாறியதால் சுவையே மாறிவிட்டது.

புதுச்சேரியின் ஆயத்தீர்வைச் சட்டம் தனி. இங்கே தங்கும் அறை இல்லாத உணவகமும் உரிமம் பெற்று ஒயின் பரிமாறலாம். பிரெஞ்சுப் பகுதியின் சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் நடக்கும் உணவகங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் அந்தத் தடித்த சுவர் பகல் வெயிலின் வேகத்தைத் தணிக்குமே தவிர 13 டிகிரியைத் தராது. கடற்கரைக்கு இவ்வளவு அருகில், வெளியே வைக்கும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை உப்பு சீக்கிரம் அரித்துவிடும்; பூச்சுக் கொடுத்த சுருளைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய வீட்டின் மரத்தளத்தில் அறுநூறு கிலோவை ஏற்றுவதற்குமுன் கட்டுமானப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது கட்டாயம்.

ஓட்டல் கட்டத் திட்டமிடுபவர்களிடமும், அவர்களுக்கு வரைந்து கொடுக்கும் கட்டடக் கலைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். உள் அலங்காரம் முடிந்த பிறகு மிஞ்சிய மூலையில் ஒயின் அறையை நுழைக்காதீர்கள். முதலில் ஒயின் பட்டியலை முடிவு செய்யுங்கள். தரைத்திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே குளிர்பதனப் பொறியாளரை அழையுங்கள். வடிகால் குழாய்க்கும் கூரையிலுள்ள கம்ப்ரஸருக்கும் அப்போதுதான் வழி விட முடியும். இரவில் கூடத்தின் ஏசி அணைந்த பிறகு கண்ணாடியின் வெளிப்பரப்பு எத்தனை டிகிரியில் நிற்கும் என்ற ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு போர்தோ, பர்கண்டி, ஷாம்பெயின், மேக்னம் என்று வகைக்கு ஒரு காலி பாட்டிலைப் பையில் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கேட்டலாக்கைப் புரட்டுவதற்குமுன் மேற்குப் புறநகரின் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு நேரில் போய் விலை கேளுங்கள்.